நொய்

பெயிண்ட் டப்பாவின் மூடியை நெம்பச்
சாவியைக் கொடுத்தது நான்தான்.
யாரையும் குறை சொல்வதற்கில்லை.
மூடி வந்தது,
கூடவே சாவியின் தலையும் வந்தது.
கறுப்புப் பிளாஸ்டிக் இரண்டாய்ப் பிளந்து
பாதி நீலப் பெயிண்டுக்குள் போனது,
பாதி வாசலில் தெறித்தது.

பந்தலூரில் அன்று மழை
இரண்டு நாள் விட்டு மறுபடி பிடித்திருந்தது.

கூடலூர் பஸ் ஸ்டாண்டு ஓரம்
ஷம்சுதீன் பழைய இரும்பைப் பார்த்துப்
புது இரும்பை வெட்டினான்.
நூற்றைம்பது ரூபாய்.
புதுச் சாவி சீட்டைத் திறந்தது,
டேங்க் மூடியைத் திறந்தது,
ஹேண்டில் பூட்டும் விட்டுக்கொடுத்தது.
பட்டனை அமுக்கினால் மட்டும்
மீட்டருக்குள் ஒரு சிவப்பு விளக்கு
சிமிட்டியது, சிமிட்டியது,
இன்ஜின் வாயே திறக்கவில்லை.
போனில் ஷம்சுதீன் சொன்னான்:
"பல்லு சரிதான்.
தலைக்குள்ள என்னமோ இருந்திருக்கும், தேடு."

கோவை ஷோரூமில் போனை எடுத்த பெண்
மிக மரியாதையாகப் பேசினாள்.
ரெண்டு சாவியும் கொண்டு வாங்க சார்,
இல்லேன்னா யூனிட்டையே மாத்தணும்,
முப்பத்தெட்டாயிரம், ஜி.எஸ்.டி. தனி.
விழுந்து நசுங்கிய வண்டி என்று
அறுபத்திரண்டுக்கு வாங்கியது.
விற்றவன் பெங்களூரில் இருக்கிறான்.
இரண்டாவது சாவி அவனுடைய
எந்த டிராயரிலும் இல்லையாம்.

ஆஸ்பத்திரி லேபிலிருந்து வந்த கையோடு
யோகராணி டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
வாசலில் குந்தினாள்.
"என்ன தேடுறோம்னு சொல்லு."
தெரிந்தால்தானே சொல்ல.
சரளைக்கல், தேயிலைக் காம்பு, ஒரு அட்டை,
அதை உப்பு போட்டு விட்டோம்,
பிறகு அவள் இடுக்கியின் நுனியில்
ஒரு நொய்.

நொய்யரிசி அளவு கண்ணாடிக் குழாய்.
உள்ளே மயிரிலும் மெல்லிய செம்புக் கம்பி
சுற்றிச் சுற்றி.
பேட்டரி கிடையாது.
பூட்டைச் சுற்றியுள்ள வளையம் கேட்கும்,
கேட்கிற கேள்வியிலிருந்தே
இதற்குப் பதில் சொல்லத் தெம்பு வரும்,
ஒரே ஒரு எண்ணைச் சொல்லும்.
அவ்வளவுதான் இதன் வேலை.

மண்டபம் கேம்ப்பில் கொடுத்த அட்டையை
அப்பா பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார்.
தாலுகா ஆபீசில் ஒரு தடவை
அதை மறந்துவிட்டுப் போய் நின்றார்.
முகம் சரி, பெயர் சரி,
முப்பது வருஷம் கொழுந்து பறித்த எஸ்டேட்டின்
முத்திரையும் சரி.
பல்லெல்லாம் சரிதான்.

"நின்னுக்கிட்டே தூங்காத," என்றாள்,
"செலோடேப் எங்க?"

நொய்யைச் சாவியோடு சேர்த்து ஒட்டினோம். சிவப்பு.
இரும்பில் படாமல் கொஞ்சம் தள்ளி
பூட்டின் உதட்டில் ஒட்டினோம்.
விளக்கு ஒருமுறை முழித்துப் பார்த்துவிட்டு
அணைந்தது.
வண்டி இருமியது, பிடித்துக்கொண்டது.
பக்கத்து லைனில் ஒரு நாய் எழுந்து குரைத்தது.

தலை வேண்டுமே.
ரத்தம் எடுக்கும் குழாயின் ஊதா மூடி,
லேபில் குப்பைக்குப் போகவேண்டிய புதுசு,
பையிலிருந்து எடுத்தாள்.
பிளேடால் கீறி, பஞ்சில் பொதிந்து,
நொய்யை உள்ளே படுக்கவைத்து
அரால்டைட் ஊற்றினாள்.
நான் மூச்சை அடக்கிக்கொண்டு
சாவியைச் செங்குத்தாகப் பிடித்திருந்தேன்.
டியூபில் போட்டிருந்த நேரம்
சமவெளிக்காரர்களுக்கு.
இரவு பத்துக்கும் பிசுபிசுவென்றிருந்தது.
செட்டாப் பாக்ஸின் சூட்டில் வைத்துவிட்டு
டிவியை அணைக்காமலே தூங்கினோம்.

காலை ஆறரை.
ஏழு மணி டியூட்டிக்கு அவள்தான்
முதலில் எடுத்துப் போனாள்.
வளைவில் ஊதா நிறம் ஒருமுறை தெரிந்தது,
அல்லது அது அவள் குடையாக இருக்கலாம்.

கதவு பாதி நீலம், பாதி மரம்.
டப்பாவின் மூடி ராத்திரியே இறுகிவிட்டது.
திறக்க ஒரு கரண்டி
தேடிக்கொண்டிருக்கிறேன்.